இரவை ஏடு

மாதத்தின் இரண்டாம் புதன்.
எடைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு
ஊத்துக்கோட்டையில் இறங்குகிறேன்.
கருவிக்கும் டிக்கெட் கேட்கிற நடத்துநர் ஒருவர் உண்டு.
இன்று அவர் இல்லை. நல்ல நாள்.

இல்லத்தில் வரிசை நிற்கிறது.
செருப்பைக் கழற்று. நேராகப் பார். மூச்சை அடக்காதே.
உயரம், எடை, இமையைக் கீழே இழுத்தால் தெரியும் ரத்தம்,
நகம், சொத்தைப் பல், பேன்.
எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கட்டம் உண்டு.

செஞ்சையா வந்தது ஆடியில்.
ஆறாயிரம் முன்பணத்துக்கு
வாத்து மேய்க்க விட்டிருந்தார்களாம்.
ஆரணியாற்றுக்கு அந்தப் பக்கம் தொடங்கி
ஏரி ஏரியாக, அறுத்த வயல் வயலாக
மூன்று வருடம்.
தாளில் வயது பத்து. பல் பதினொன்று என்றது.
பாதம் எதுவும் சொல்லும் நிலையில் இல்லை,
விரலிடுக்கெல்லாம் சேறு தின்ற வெள்ளை.

அதற்கு மருந்து இருந்தது.
களிம்பு, காய்ந்த துணி,
பிறந்ததிலிருந்து முதல் ஜோடிக் காலுறை.
பதினெட்டாம் நாள் தோல் மூடிக்கொண்டது.
பெருமைப்பட்டேன், மறைப்பானேன்.

பிறகொரு நாள் சோற்றைத் தள்ளிவைத்து
கடுப்பு என்றான்.
வயிற்றுக்கடுப்பு என்று எழுதி
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பிரித்தேன்.
சமையல் மஸ்தானம்மா கரண்டியோடு வந்து சிரித்தாள்.
"எங்க பேச்சுல அது வயித்துக்குப் பேரும்மா.
வயிறு, வயிறுன்னு மட்டும்தான் சொல்றான்.
என்ன பண்ணுதுன்னு அவனுக்கே தெரியல."

ராத்திரிக் கதையும் அவள் சொன்னதுதான்.
எழுந்து பாய் பாயாகப் போகிறான்.
தலைக்கு ஒரு விரல்.
தப்பினால் மறுபடி முதலிலிருந்து.
நரி கொண்டுபோன வாத்துக்கு
அவன் சோற்றில்தான் பிடித்தம் போட்டிருக்கிறார்கள்.

காப்பாளர் கதவைத் தாழிடச் சொன்னார்.
திருவள்ளூரிலிருந்து மாதமொருமுறை வரும் ஆற்றுப்படுத்துநர்
தாழிடாதீர்கள், எண்ணட்டும் என்றார்.
இருட்டில் எண்ணுகிறவனுக்கு
ஒரு டார்ச் விளக்கு வாங்கிக் கொடுங்கள் என்றார்.
எந்தச் செலவுத் தலைப்பில்?
அந்தக் கேள்வி மூன்று வாரம் மேசையில் கிடந்தது.
மஸ்தானம்மா சந்தையில் தன் காசில் வாங்கினாள்,
நூற்றிருபது ரூபாய், பேட்டரி தனி.

மழையில் கடைசிப் பேருந்தை விட்ட ஓர் இரவு
நானும் அங்கே படுத்திருந்தேன்.
ஒளி பாய்களின் மேல் ஊர்ந்தது.
ஒரு முகத்தில்கூடப் படவில்லை,
அவ்வளவு பதமான மேய்ப்பு.
முடித்து வாசலில் நின்று கணக்கை ஒப்படைத்தான்:
"இரவை ஆறு."
அவன் மொழியில் இருபத்தாறு.
என் காதுக்கோ
யாரோ இரவை ஆற்றச் சொல்வதுபோல.

பதிவேட்டில் இருபத்தேழு பிள்ளைகள்.
ஒன்று எங்கே என்று பதறி நானும் எண்ணினேன்.
சரியாக இருந்தது.
மேய்க்கிறவன் வாத்தில்லையே.
மஸ்தானம்மா என்னைப் பார்த்தாள்.
இரண்டு பேரும் திருத்தவில்லை.

கார்த்திகையில் அவன் எடை இருபத்து மூன்றரை.
போன மாதத்தைவிட நூறு கிராம் குறைவு,
இடையில் ஒரு காய்ச்சல்.
அதை நான் எழுதிக்கொண்டிருக்க,
கருவியின் மேல் நின்றபடி,
பல்பொடி தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னான்:
"நேத்து ராத்திரி, இரவை ஏடு."

ஏடு.
அவனுக்கு அது ஏழு. எனக்குப் பக்கம்.
புரட்டிப் பார்த்தேன்.
பேனுக்குக்கூட இடமுள்ள தாளில்
இதற்கொரு கட்டம் இல்லை.
ஓரத்தில், நூல் கோத்த துளைக்கருகில்,
பென்சிலால் இருபத்தேழு என்று போட்டுவிட்டு
இறங்கு என்றேன்.
அடுத்து யார்?
செருப்பைக் கழற்று.